உங்கள் பக்கம் அவர் போனில் எப்படித் தெரிகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாரும் செய்யும் வேலை ஒன்று உண்டு. கடைக்கு ஒரு விலைப் பட்டியல், வீட்டு விசேஷத்துக்கு ஓர் அழைப்பிதழ், சங்கத்துக்கு ஓர் அறிவிப்பு என்று எதையாவது தயாரிப்போம். மானிட்டரில் பார்ப்போம், அழகாக இருக்கும். நம் போனில் ஒருமுறை திறந்து பார்ப்போம், அங்கேயும் நன்றாக இருக்கும். உடனே எல்லாருக்கும் அனுப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் அனுப்பிக் கொண்டிருந்தேன், ஒரு சனிக்கிழமை வரை.

காங்கேயத்தில் திருப்பூர் ரோட்டில் என் சித்தப்பா பத்து மெஷின் போட்டு ஒரு சிறிய தையல் யூனிட் நடத்துகிறார். திருப்பூரிலிருந்து கட்டிங் ஆன துணி வரும். ஓவர்லாக், பிளாட்லாக் அடித்து, செக்கிங் முடித்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கூலி ஷிப்ட் கணக்கில், பட்டுவாடா சனிக்கிழமை. வெள்ளி இரவே அவரவர் கணக்கை அவரவர் போனில் பார்த்துக் கொள்ளட்டும், சனிக்கிழமை கவர் வாங்கும்போது கேள்வி வராது என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய இணையப் பக்கம் தயாரித்து, அதன் லிங்க்கை அனுப்பி வந்தேன். நாள், வேலை, ஷிப்ட், தொகை என நான்கு கட்டங்கள். கடைசி வரியில், முன்பணம் போகக் கைக்கு வரும் தொகை.

செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் அந்தச் சனிக்கிழமை வரவில்லை. கவரும் வாங்கவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. "ஏன் கண்ணு, கணக்குல ஏதாச்சும் தப்புப் போட்டயா?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆறு நாள், நாளுக்கு ஒரு ஷிப்ட், ஷிப்டுக்கு 410 ரூபாய், மொத்தம் 2460. மகள் பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் வாரம் 300 பிடிப்பதாகப் பேச்சு. ஆகக் கைக்கு 2160. ஒரு பிழையும் இல்லை.

மாலையில் அவர் வீட்டுக்கே போனேன். பேச்சை வளர்க்காமல் தன் போனை நீட்டினார். அதில் ஆறு வரிகளிலும் 410 சரியாக இருந்தது. கடைசி வரியில் 216 என்று இருந்தது.

"நீங்க தப்பாப் போட மாட்டீங்கன்னு தெரியுங்க தம்பி. முன்பணத்தை ஒரே வாரத்துல பிடிச்சிட்டாங்கன்னு நெனைச்சேன். மொதலாளி பிடிச்சதை எப்படிங்க போய்க் கேக்கறது?" என்றார்.

மூன்று நாட்களாக அந்த வீட்டில் என்ன பேசிக் கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஓர் இலக்கம் எங்கே போனது என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அன்றிரவு உட்கார்ந்தேன். அப்போது கற்றுக் கொண்டவற்றைத்தான் இங்கே தருகிறேன். புரோகிராமர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த கறுப்பு விண்டோவில், நான்கைந்து கட்டளைகள் போதும். காசு எதுவும் செலவில்லை.

ஏடிபி என்றால் என்ன?

ஆண்ட்ராய்ட் போனைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க, கூகுள் இலவசமாகத் தரும் சிறிய புரோகிராம் ஏடிபி. ஆண்ட்ராய்ட் டிபக் பிரிட்ஜ் என்பதன் சுருக்கம் இது. பாலம் என்ற பெயருக்கு ஏற்ப, நீங்கள் கம்ப்யூட்டரில் டைப் செய்யும் கட்டளை யுஎஸ்பி கேபிள் வழியே போனுக்குப் போகும். போன் தரும் பதில் கம்ப்யூட்டர் திரையில் வரும். பழைய டாஸ் கட்டளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆண்ட்ராய்ட் டெவலப்பர் தளத்தில் எஸ்டிகே பிளாட்பார்ம் டூல்ஸ் என்ற பெயரில் ஒரு ஜிப் பைல் கிடைக்கும். சில எம்பி அளவுதான். வேறு எந்தத் தளத்திலிருந்தும் இதனை இறக்க வேண்டாம். ஜிப் பைலை விரித்தால் ஒரு போல்டர் கிடைக்கும். அந்தப் போல்டரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் கிளிக் செய்து, சிஎம்டி என டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ அந்தப் போல்டரிலேயே திறக்கும். இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லை.

போனைத் தயார் செய்வது

போனில் செட்டிங்ஸ் சென்று, அபவுட் போன் பகுதியில் பில்டு நம்பர் என்ற வரியைத் தேடுங்கள். சில போன்களில் இது சாப்ட்வேர் இன்பர்மேஷன் என்பதற்குள் இருக்கும். அந்த வரியை ஏழு முறை தொடர்ந்து தட்டுங்கள். நீங்கள் டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போன் சொல்லும்! வேடிக்கை இல்லை, 2012-ல் வந்த ஆண்ட்ராய்ட் 4.2 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் மெனு இப்படித்தான் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அந்த மெனுவில் யுஎஸ்பி டிபக்கிங் என்பதை ஆன் செய்திடவும்.

கேபிளைச் செருகியதும், இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் அனுமதி கொடுங்கள்.

இனி முதல் கட்டளை. இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், உச்சரிப்புப்படி தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி விட்டு டைப் செய்ய வேண்டும். ஏடிபி என்பது மூன்று எழுத்து. டபிள்யூஎம் இரண்டு எழுத்து. மற்றவை முழு ஆங்கிலச் சொற்கள்.

ஏடிபி டிவைசஸ்

என்டர் தட்டினால் போனின் சீரியல் எண்ணும் அதன் அருகில் டிவைஸ் என்ற சொல்லும் வர வேண்டும். அன்-ஆதரைஸ்டு என்று வந்தால், போன் திரையில் அனுமதிக் கேள்வி காத்துக் கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. நானே அரை மணி நேரம் அப்படி வீணடித்தேன். கேபிள் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், போன் நிறுவனம் தரும் யுஎஸ்பி டிரைவரை விண்டோசில் நிறுவ வேண்டியிருக்கும்.

இலக்கம் போன இடம்

அக்காவிடம் கேட்டு, அவர் போனை ஒரு மணி நேரம் வாங்கி இணைத்தேன். இரண்டு கேள்விகள் கேட்டேன்.

ஏடிபி ஷெல் டபிள்யூஎம் சைஸ்
ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி

முதல் கட்டளைக்கு 720, 1600 என்று பதில் வந்தது. அது திரையின் அகல உயரப் புள்ளிகள். இரண்டாவதற்கு இரண்டு வரிகள். பிசிக்கல் டென்சிட்டி 320. ஓவர்ரைடு டென்சிட்டி 360. போன் வாங்கியபோது இருந்த அடர்த்தி 320; யாரோ அதனை 360 ஆக மாற்றியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

மாற்றியது அவர் மகன். அம்மாவுக்கு வெள்ளெழுத்து, சின்ன எழுத்து தெரிவதில்லை என்று செட்டிங்ஸில் டிஸ்ப்ளே சைஸ் என்பதை இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தான். நல்ல பிள்ளை. 2016-ல் வந்த ஆண்ட்ராய்ட் 7 முதல் இந்த வசதி உண்டு.

இதனால் என்ன ஆனது? ஒரு சிறிய கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பக்கத்தை வரையும்போது பிரவுசர் திரையின் உண்மையான புள்ளிகளை எண்ணுவதில்லை. உண்மைப் புள்ளியை 160 ஆல் பெருக்கி, அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணைத்தான் அகலமாக எடுத்துக் கொள்கிறது. அடர்த்தி 320 என்றால், 720 × 160 ÷ 320 = 360. அடர்த்தி 360 என்றால், 720 × 160 ÷ 360 = 320. அதாவது எழுத்தைப் பெரிதாக்கிய போனில் பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் 40 அலகு குறைந்துவிட்டது.

என் அட்டவணையோ நாளுக்கு 100, வேலைக்கு 120, ஷிப்டுக்கு 70, தொகைக்கு 70 என மொத்தம் 360 அலகு. அதற்குக் குறைந்து சுருங்காதபடி நானே அளவைக் கட்டிப் போட்டிருந்தேன். போதாக்குறைக்கு, விரலால் தள்ளும்போது பக்கம் இடவலமாக ஆடக் கூடாது என்று, திரையைத் தாண்டிப் போவதை மறைத்துவிடவும் எழுதியிருந்தேன். ஆகக் கடைசிக் கட்டத்தின் 70 அலகில் 30 மட்டுமே திரைக்குள் இருந்தது. ஓர் இலக்கத்துக்குச் சுமார் 9 அலகு. ஓர இடைவெளி போக மூன்று இலக்கங்கள் உள்ளே, நான்காவது வெளியே. 410 மூன்று இலக்கம் என்பதால் ஆறு வரிகளும் சரியாகத் தெரிந்தன. 2160 மட்டும் 216 ஆனது. ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் சந்தேகமே வராது.

என் போனில் ஏன் தெரியவில்லை? அதன் அகலம் 1080 புள்ளி, அடர்த்தி 420. 1080 × 160 ÷ 420 என்று போட்டால் 411 அலகு. தாராளமான இடம்.

உங்கள் போனை அவர் போனாக மாற்றுங்கள்

ஒவ்வொரு முறையும் அடுத்தவர் போனை வாங்கி வர முடியாது. தேவையும் இல்லை. உங்கள் போனையே சிறிது நேரம் அவர் போன் போல நடிக்க வைக்கலாம்.

ஏடிபி ஷெல் டபிள்யூஎம் சைஸ் 720எக்ஸ்1600
ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி 360

இரு எண்களுக்கும் நடுவே வருவது ஆங்கில எக்ஸ் எழுத்து. அங்கே இடைவெளி கூடாது. என்டர் தட்டிய உடனே போனின் தோற்றமே மாறும். பயப்பட வேண்டாம். இப்போது உங்கள் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். அன்றிரவு என் போனிலும் 216 வந்து நின்றது. மூன்று நாள் குழப்பத்துக்கு விடை கிடைத்த திருப்தியும், இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்ற வெட்கமும் சேர்ந்து வந்தன.

சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப:

ஏடிபி ஷெல் டபிள்யூஎம் சைஸ் ரீசெட்
ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி ரீசெட்

இந்த இரண்டு வரிகளை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துவிட்டு, அதன் பிறகு மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். எண்ணைத் தவறாகக் கொடுத்து, திரையில் எதையும் தொட முடியாத நிலை வந்தாலும், கேபிள் இணைப்பில் இருக்கும்வரை இவை உங்களைக் காப்பாற்றும். சில நிறுவனங்களின் போன்களில் இந்த மாற்றங்களை அனுமதிக்க டெவலப்பர் ஆப்ஷன்ஸில் கூடுதலாக ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால் அதனைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிஸ்ப்ளே சைஸ் வேறு, பாண்ட் சைஸ் வேறு. முதலாவது எல்லாவற்றையும் பெரிதாக்கும். இரண்டாவது எழுத்தை மட்டும் பெரிதாக்கும். 2023-ல் வந்த ஆண்ட்ராய்ட் 14-ல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். ஆகவே செட்டிங்ஸில் எழுத்தையும் கடைசி அளவுக்கு இழுத்து வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் போனை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

போன் இல்லாமலே ஒரு போன்

இன்னொருவரின் போனும் இல்லை, சொந்தப் போனைத் தொடவும் பயம் என்பவர்களுக்கு எமுலேட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் ஆண்ட்ராய்ட் போனை ஓட்டும் புரோகிராம் இது. ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ என்ற இலவசத் தொகுப்புடன் வரும். டிவைஸ் மேனேஜர் பகுதியில் திரை அளவு, ஆண்ட்ராய்ட் பதிப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து உங்களுக்கு வேண்டிய போனை உருவாக்கிக் கொள்ளலாம். ஆனால் இது பெரிய தொகுப்பு. டிஸ்கில் பல ஜிபி இடம் கேட்கும். 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் திணறும், 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

இதற்கும் கட்டளை உண்டு. எமுலேட்டர் என டைப் செய்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் லிஸ்ட், மீண்டும் சிறு கோடும் ஏவிடிஎஸ் என்றும் கொடுத்தால், நீங்கள் உருவாக்கிய போன்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். சிறு கோடும் ஏவிடி என்றும் கொடுத்துப் பெயரைச் சேர்த்தால் அந்தப் போன் இயங்கும். அதே வரியின் கடைசியில் சிறு கோடு நெட்ஸ்பீடு, இடைவெளி, எட்ஜ் என்று சேர்த்தால், பழைய எட்ஜ் இணைப்பின் வேகத்தில் அந்தப் போன் இணையத்தை அணுகும். டவர் சரியாக எட்டாத தோட்டத்தில் உட்கார்ந்து உங்கள் பக்கத்தைத் திறப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை நீங்களும் காத்திருந்து பார்க்கலாம். பக்கத்தில் பெரிய போட்டோக்களை அள்ளிப் போடும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

ஏடிபி கட்டளைகள் அனைத்தும் எமுலேட்டரிலும் அப்படியே வேலை செய்யும். நிஜப் போனும் எமுலேட்டரும் ஒரே நேரத்தில் இருந்தால், எதனிடம் பேசுவது என்று ஏடிபி குழம்பும். ஏடிபி என்பதை அடுத்துச் சிறு கோடும் டி எழுத்தும் கொடுத்தால் கேபிளில் உள்ள போன். சிறு கோடும் இ எழுத்தும் கொடுத்தால் எமுலேட்டர்.

அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. குரோம் பிரவுசரில் பக்கத்தைத் திறந்து எப்12 தட்டி, பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கம் போன் அகலத்துக்குச் சுருங்கும். அகலக் கட்டத்தில் 320 என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் இது கம்ப்யூட்டரின் எழுத்துருவைத்தான் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழுக்கே உரிய சோதனைகள்

தமிழில் எழுதுபவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். போனில் தமிழ் தெரிவதே பெரிய விஷயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல போன்களில் தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் கட்டங்கள்தான் வரும். அப்போது ஓபரா மினி பிரவுசரின் உள் செட்டிங்ஸில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற ஒரு வரியைத் தேடி ஆன் செய்துதான் தமிழ் படித்தோம்.

எழுத்துரு இருந்தாலும் போதாது. கொப்பரை என்று டைப் செய்தால், கம்ப்யூட்டர் நினைவில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும்தான் பதிவாகும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது வேறொரு புரோகிராமின் வேலை. ஆண்ட்ராய்டில் அதைச் செய்வது ஹார்ப்பஸ். இன்றைய போன்களில் இது பிசகுவதில்லை. ஆனால் பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தால் அதிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்போது அதிகம் பிசகுவது வேறு இடம். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்த மேட்டரை அப்படியே காப்பி செய்து பக்கத்தில் ஒட்டுவது. உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும். போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். அடுத்து, தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தை விட நீளமானவை. ஆங்கிலத்தில் அடங்கிய பட்டனில் தமிழ் அடங்காமல் வால் வெட்டுப்படலாம். மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படாமல் வரிகளுக்கு நடுவே போதிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எமுலேட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும் நிஜப் போன் ஒன்றில் கடைசியாகப் பார்ப்பது நல்லது. போன் நிறுவனங்கள் தங்கள் சொந்த எழுத்துருவையும் தோற்றத்தையும் சேர்ப்பதால், அவை எமுலேட்டரில் வருவதில்லை.

மறக்கக் கூடாதது

வேலை முடிந்ததும் யுஎஸ்பி டிபக்கிங்கை ஆப் செய்துவிடுங்கள். அது ஆன் நிலையில் இருக்கும்போது, நீங்கள் அனுமதி தந்த கம்ப்யூட்டர் உங்கள் பைல்களை எடுக்கலாம், புதிய ஆப்களை நிறுவலாம். சில வங்கி ஆப்களும் அது ஆன் செய்யப்பட்டிருந்தால் இயங்க மறுக்கும். போனில் யாரோ அழைத்து, டெவலப்பர் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள் என்று வழிகாட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக் கொள்ளுங்கள். அடுத்தவர் போனை இணைப்பதாக இருந்தால் அவரைக் கேட்டு, அவர் பார்க்கும்படி செய்து, ஆப் செய்த பிறகே திருப்பிக் கொடுங்கள்.

என் பக்கத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான்கு கட்ட அட்டவணையை எடுத்துவிட்டேன். நாளுக்கு ஒரு வரி. வரி நீண்டால் அடுத்த வரிக்கு மடியும். வெளியே போவதை மறைக்கும் கட்டளையை நீக்கினேன். கைக்கு வரும் தொகையைப் பக்கத்தின் தலையில், தனி வரியில் வைத்து, செக்கில் எழுதுவது போல எழுத்தாலும் எழுதினேன். முன்பணத்தில் இந்த வாரம் எவ்வளவு பிடித்தோம், பாக்கி எவ்வளவு என்பதையும் கீழே சேர்த்தேன். 320 அகலத்தில் சரியாக வந்த பிறகுதான் எல்லாருக்கும் அனுப்பினேன்.

அக்கா செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தார். கவரைச் சித்தப்பா தன் கையாலேயே கொடுத்தார். இப்போது வெள்ளிதோறும் பக்கம் தயாரானதும் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன். "சரியாத் தெரியுதுங்க தம்பி" என்று பதில் வந்த பிறகே மற்றவர்களுக்குப் போகும்.